முப்பத்தொன்றாம் நம்பர் டின்

முந்திரியை உடைக்கச் சொன்னேன்.
ரெமி உடைத்தான், பாதியைத் தின்றான்.
முட்டையை உடைக்கச் சொன்னேன்.
பெனித்தா தரையில் உடைத்துவிட்டுக்
கைதட்டினாள்.
சொன்னதைத்தானே செய்தாள்.

நெல்லித்தோப்பு, மூன்றாம் மாடி,
டிசம்பர் இருபத்திரண்டு,
விட்டு விட்டுத் தூறல்.
கல்லறைத் திருநாள் முடிந்த கையோடு
ரம்மில் போட்ட திராட்சை
ஜாடி திறந்ததும் வீடெல்லாம் ஏறியது.
கீழ்வீட்டு முபீன் மூக்கைப் பொத்திக்கொண்டு
பால்கனிக்கு ஓடினான்.
அவனுக்குத் தேனில் ஊறிய பேரீச்சை,
தனிக் கிண்ணம், தனிக் கரண்டி, தனி டின்,
டின்மேல் பிளாஸ்திரியில் அவன் பெயர்
அவன் கையெழுத்தில்,
'பீ' மட்டும் திரும்பி நிற்கிறது.

வெண்ணெயும் சர்க்கரையும்
ஒரே பக்கமாய்ச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் திரிந்துவிடும்.
கடிகாரம் சுற்றுகிற பக்கம் என்றேன்.
பெனித்தாவுக்கு நாலு வயது,
அவளுக்கு எந்தப் பக்கமும் கடிகாரம்தான்.
ரவை கொட்டியபோது அவள் தும்மினாள்.
ரெமி பேசினுக்குள் தலையை விட்டுச்
சிரித்தான், சிரித்தான்,
மூச்சு வாங்கச் சிரித்தான்.

இரவு பத்துக்கு மேல்
ரொட்டி வெந்து முடிந்த அடுப்பைத்
தெருவுக்குக் கொடுக்கிறார் பேக்கரி தைரியநாதன்.
ஸ்கூட்டரில் என் காலிடுக்கில் முபீனின் டின்,
பின்னால் அந்துவான் மடியில் பெரிய டின்,
முன்னால் நின்ற ரெமி
குடையைத் தனக்குப் பிடிக்கவில்லை, டின்னுக்குப் பிடித்தான்.
எங்களுக்குச் சீட்டு முப்பத்தொன்று.
காலையில் வாங்க, என்றார்.

திரும்பும் வழியில் அவன் பேசவே இல்லை.
படியேறும்போது சொன்னான்:
"அம்மா, ஆடுன பல்லைக் காணோம்."

சோபாவுக்கு அடியில் பார்த்தோம்.
தூங்கிவிட்ட பெனித்தாவின் மூடிய கையைப்
பிரித்துப் பார்த்தோம்.
பிறகு மூன்று பேரும்
காலிப் பேசினைப் பார்த்தோம்.

அந்துவானுக்கு எதற்கும் ஒரு சமாதானம் உண்டு.
சின்ன வயதில் பக்கத்துச் சொல்தா வீட்டில்
மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் கேக் வெட்டுவார்களாம்,
உள்ளே ஒரு அவரை விதை ஒளிந்திருக்குமாம்,
கிடைத்தவருக்குக் காகிதக் கிரீடமாம்.
அது விதை, என்றேன்.

காலையில் கேக் வந்தது.
எப்போதும் இல்லாத நிறம், எப்போதும் இல்லாத வாசம்,
பாவம் போல.
ஈர்க்குச்சி விட்டுக் குத்திப் பார்த்தேன்.
மெல்லிசாய் அறுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.
முந்திரித் துண்டு ஒவ்வொன்றும்
பல்லாகவே தெரிந்தது.
முபீனின் டின்னில் மட்டும்
ரம்மும் இல்லை, பல்லும் இல்லை.

பதினோரு வீடு.
கொடுக்காமல் இருந்தால் என்ன சொல்வார்கள்,
கொடுத்தால் என்ன சொல்வார்கள்.
கொடுத்தேன்.
"பாத்து மெல்லுங்க, கொட்டை கிட்டை இருக்கும்"
என்று வாசல்தோறும் சொன்னேன்.
அதில் பொய் எவ்வளவு என்று
பாதிரியாரிடம் கேட்கவில்லை.

நடுச்சாமப் பூசையில்
எதிர்வீட்டு ஸ்தனிஸ்லாஸ் சார்
கேக் பிரமாதம் என்றார்.
நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் ஒரு வாரம்
போன் அடித்தபோதெல்லாம் வயிறு கலங்கியது.
அடித்ததெல்லாம் லோன் வேண்டுமா என்றுதான்.
ரெமி கண்ணாடி முன் நின்று
ஓட்டைக்குள் நாக்கை விட்டு விட்டு எடுத்தான்.
அவனுக்குக் கவலை வேறு:
ஓட்டுமேல் எறிய பல் இல்லை,
புதுப் பல்லுக்கு வழி எப்படித் தெரியும்.

முப்பத்தொன்றாம் தேதி விடியலில்
கதவுக் கைப்பிடியில் ஒரு துணிப்பை.
உள்ளே என் தட்டுகள் மூன்று, அடுக்கி.
வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று
நடுத்தட்டு நிறையச் சர்க்கரை.
சர்க்கரைமேல்
கழுவித் துடைத்து வைத்த
ஒரு பால்பல்.

எந்த வீட்டுத் தட்டு?
எல்லாம் ஒரே செட், ஒரே பூ.
மாடிப்படியில் எட்டிப் பார்த்தேன்.
யாரோ ஒரு கதவை மெல்லச் சாத்தினார்கள்,
எந்த மாடி என்று பிடிபடவில்லை.

நான் திரும்புவதற்குள் பெனித்தா
பல்லை எடுத்து வாயில் போட்டு,
ஒட்டியிருந்த சர்க்கரையைச் சப்பி முடித்து,
ஈரத்தோடு
அண்ணன் கையில் வைத்தாள்.